சுவரில் ஓதம்: தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடிப்பது நம் வழக்கம். மார்கழிக் கடைசியில் வேலூரில் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் ஏதாவது ஒரு வீட்டில் சாரம் கட்டி பெயிண்ட் அடித்துக்கொண்டிருப்பார்கள். அதே வீட்டுக்குச் சித்திரையில் போய்ப் பாருங்கள். ஹால் சுவரின் அடிப்பக்கம் பெயிண்ட் அப்பளம்போல உப்பி நிற்கும். விரல் பட்டால் உடைந்து, உள்ளேயிருந்து வெள்ளை மாவு கொட்டும். வீட்டுக்காரர் பெயிண்டரைத் திட்டுவார், பெயிண்டர் டப்பாவைக் குறை சொல்வார். பெரும்பாலும் இரண்டு பேர் சொல்வதும் காரணம் இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து, வருடத்திலேயே சுவர் அதிகமாகத் தண்ணீர் குடித்திருக்கும் நேரம் அது. அந்த ஈரத்தை உள்ளே வைத்து மேலே பெயிண்ட் பூசிவிடுகிறோம். வெயில் ஏற ஏற ஈரம் வெளியே வரப் பார்க்கும். வழியை அடைத்துக்கொண்டு நிற்கும் பெயிண்டைத் தள்ளிவிட்டுத்தான் வரும்.

இதைத்தான் ஓதம் என்கிறோம். ஓதம் அடிக்குது, ஓதம் ஏறுது, சுவர் பூக்குது என்று பலவிதமாகச் சொல்வோம். ஆனால் ஓதம் என்பது ஒரே நோய் இல்லை. காய்ச்சல் மாதிரி அது ஒரு அறிகுறி. சுவருக்குள் எங்கிருந்தோ தண்ணீர் வருகிறது என்பதை மட்டும் அது சொல்கிறது. எங்கிருந்து என்று கண்டுபிடிப்பது நம் வேலை. அதைக் கண்டுபிடிக்காமல் பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, பெயிண்ட் அடிப்பதற்குச் செலவழிக்கும் பணம் வீண். இதை எங்கள் வீட்டில் பட்டுத் தெரிந்துகொண்டதால்தான் எழுதுகிறேன்.

எங்கள் வீடு காட்பாடியில் இருக்கிறது. அப்பா 1994-ல் கட்டியது. சாப்பாட்டு மேசைக்குப் பின்னால் இருக்கும் சுவர் மூன்று வருடத்தில் மூன்று முறை உரிந்தது. மூன்று முறையும் சுரண்டி, பூசி, அடித்தோம். நான்காவது முறை அப்பாவுக்குப் பழக்கமான ஒரு மேஸ்திரியைக் கூப்பிட்டோம். எழுபதை நெருங்கிய மனிதர். வந்தவர் உள்ளங்கையைச் சுவரில் அங்கங்கே வைத்து வைத்துப் பார்த்தார். அப்புறம் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, ஈரம் முடிகிற ஓரத்தை ஒட்டியே வளைந்து வளைந்து ஒரு கோடு போட்டார். பக்கத்தில் தேதி எழுதினார். "இன்னா சார், தண்ணி கீழேருந்து ஏறுதா மேலேருந்து எறங்குதான்னு பாக்காம பெயிண்ட் அடிச்சா எப்டி நிக்கும்? பத்து நாள் இதத் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். கூலி வாங்கவில்லை.

அது மாசி மாதம். மழை கிடையாது. மண்ணிலிருந்து ஏறுகிற ஈரமாக இருந்தால் அது கோட்டுக்குக் கொஞ்சமாவது கீழே இறங்கியிருக்க வேண்டும். பத்தாம் நாள் பார்த்தால் ஈரம் பென்சில் கோட்டைத் தாண்டி நாலு விரல் மேலே போயிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் சமையலறை சிங்க். இரண்டு டைல்ஸை உடைத்ததும் உள்ளே போன பழைய ஜி.ஐ. பைப், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய், தெரிந்தது. துருப்பிடித்த இடத்தில் ஊசி முனை அளவுக்கு ஒரு ஓட்டை. பீய்ச்சி அடிக்கவில்லை, கசிந்துகொண்டே இருந்தது. நொடிக்கு ஒரு சொட்டு என்று வைத்தாலே ஒரு நாளைக்கு 4 லிட்டருக்கு மேல் ஆகிறது. மூன்று வருடமாக அந்தச் சுவருக்கு நாங்கள் விடாமல் தண்ணீர் ஊற்றி வந்திருக்கிறோம்.

விளக்குத் திரியும் செங்கல்லும்

தண்ணீர் மேலிருந்து கீழேதானே ஓடும், சுவரில் எப்படி மேலே ஏறும் என்று கேட்பவர்களுக்கு ஒரு அகல் விளக்கைக் காட்டினால் போதும். எண்ணெய் அடியில் கிடக்கிறது, சுடர் திரியின் நுனியில் எரிகிறது. யாரும் எண்ணெயைத் தள்ளவில்லை. திரியின் நூலிழைகளுக்கு நடுவே இருக்கும் மெல்லிய இடைவெளியைப் பிடித்துக்கொண்டு அது தானாக ஏறுகிறது. இடைவெளி எவ்வளவு மெல்லிசோ அவ்வளவு உயரம் ஏறும். இதற்கு நுண்புழை ஏற்றம் என்று பாடப் புத்தகத்தில் பெயர்.

செங்கல்லும் ஒரு திரிதான். கண்ணுக்குத் தெரியாத துளைகள் அதற்குள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. நம்பிக்கை இல்லையென்றால் ஒரு தட்டில் அரை அங்குலம் தண்ணீர் ஊற்றி, காய்ந்த செங்கல் ஒன்றைச் செங்குத்தாக நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போங்கள். திரும்பி வரும்போது தட்டில் தண்ணீர் குறைந்திருக்கும், செங்கல்லின் நிறம் கீழேயிருந்து கருத்துக்கொண்டே வந்திருக்கும். சாதாரண வீட்டுச் செங்கல் ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறினால் தன் எடையில் 20 சதவீதம் வரை குடிக்கலாம் என்று இந்தியத் தர நிர்ணயமே அனுமதிக்கிறது. 3 கிலோ செங்கல் என்றால் அரை லிட்டருக்கு மேல். 9 அங்குலச் சுவரில் ஒரு சதுர அடிக்குக் கிட்டத்தட்ட பத்து செங்கல் வரும். ஆக, பார்வைக்கு ஒன்றும் தெரியாத ஒரு சதுர அடிச் சுவர் ஐந்து லிட்டர் தண்ணீரை வைத்துக்கொண்டு நிற்க முடியும். இதை ஒரு தடவை மனதில் வாங்கிக்கொண்டால், மேலே பூசுகிற பெயிண்ட் இதற்கு எதிரே எம்மாத்திரம் என்பது புரிந்துவிடும்.

ஆனால் இந்த ஏற்றத்துக்கு ஒரு எல்லை உண்டு. ஏறும்போதே இரண்டு பக்கமும் காற்றில் ஈரம் உலர்ந்துகொண்டே வருகிறது. ஏறுகிற அளவும் உலர்கிற அளவும் சமமாகும் இடத்தில் நின்றுவிடும். சாதாரணமாக அது மூன்று, மூன்றரை அடி உயரம். இடுப்புக்குக் கீழே சுவர் நெடுக ஒரே மட்டத்தில் ஓதம் என்றால் மண்ணிலிருந்து வருகிறது என்று சந்தேகப்படலாம். ஆறடி உயரத்தில் தனியாக ஒரு ஈரத்திட்டு இருந்தால் அது மண்ணிலிருந்து வந்ததாக இருக்கவே முடியாது. இந்த ஒன்றைத் தெரிந்துவைத்திருந்தாலே பாதிச் செலவு மிச்சம்.

அந்த வெள்ளை மாவு

சுவரிலிருந்து கொட்டுகிற வெள்ளைப் பொடி சுண்ணாம்பு என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது உப்பு. மண்ணிலும் நிலத்தடி நீரிலும் கரைந்திருக்கும் உப்பைத் தண்ணீர் தூக்கிக்கொண்டு சுவரில் ஏறுகிறது. தண்ணீர் மட்டும் ஆவியாகிவிடும், உப்புக்கு இறக்கை இல்லை. அது பூச்சின் துளைகளுக்குள்ளேயே தங்கிப் படிகமாக வளரும். வளரும்போது சுற்றியிருக்கும் பூச்சை நெம்பும். பூச்சு பொரிந்து உதிர்வது அதனால்தான். ஈரத்தை நிறுத்திய பிறகும் உப்பு சுவரிலேயே இருந்தால் தொல்லை தீராது. சில உப்புகள் காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும். புயல் சின்னம் உருவாகி வானம் மூடிக் கிடக்கும் நாளில், ஒரு சொட்டு மழை இல்லாமலே சுவர் நசநசவென்று வியர்ப்பது இதனால்தான்.

நம் பக்கம் இது கூடுதல் கவலை. இங்கே பல இடங்களில் போர்த் தண்ணீர் உப்புத் தண்ணீர். பாலாற்றுப் படுகையில் தோல் தொழிற்சாலைக் கழிவு நிலத்தடி நீரைக் கெடுத்தது பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1996-ல் தீர்ப்பு வந்ததை வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அப்படிப்பட்ட தண்ணீரில் கலவை போட்டு, அதே தண்ணீரை ஊற்றி ஊற்றிச் சுவரை இறுக வைத்தால் ('க்யூரிங்') சுவர் பிறக்கும்போதே உப்போடு பிறக்கிறது. கம்பி போட்ட கான்கிரீட்டுக்குப் பயன்படுத்தும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது, சல்ஃபேட் 400-க்கு மேல் கூடாது என்பது கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி. புதிதாக வீடு கட்டுபவர்கள் போர் போட்டதும் ஒரு பாட்டில் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். இந்தச் சின்ன வேலையை விட்டுவிட்டுப் பின்னால் முப்பது வருடம் சுவரைச் சுரண்ட வேண்டாம்.

வெயில் திறக்கும், மழை நுழையும்

இனி மாடிக்குப் போவோம். வேலூர் வீடுகளுக்கு இதுதான் பெரிய விஷயம் என்பது என் எண்ணம். மழையில்தான் ஒழுகுகிறது என்பதால் மழையைக் குற்றம் சொல்கிறோம். ஆனால் தண்ணீருக்கு வழி போட்டுக் கொடுப்பது நம் ஊர் வெயில்.

எப்படி என்று பாருங்கள். கான்கிரீட் சூட்டில் விரியும், குளிரில் சுருங்கும். ஒரு மீட்டர் நீளத்துக்கு ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.01 மில்லிமீட்டர். கேட்க ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கிறது. ஆனால் அக்னி நட்சத்திரத்தில் நிழலிலேயே 42, 43 டிகிரி தொடும் ஊர் இது. மொட்டை மாடித் தளம் அதைவிட எவ்வளவோ அதிகமாகச் சுடும், காலை வைக்க முடியாது. விடியற்காலையில் அதே தளம் இறங்கி ஆறிவிடும். இரண்டுக்கும் நடுவே 35 டிகிரி வித்தியாசம் என்று வைத்துக்கொண்டு, 30 அடி நீளத் தளத்துக்குக் கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 3 மில்லிமீட்டர் வருகிறது. தினமும் மூன்று மில்லிமீட்டர் நீண்டு, திரும்பச் சுருங்குகிறது. கீழே சுவர் அந்த அளவுக்கு நகராது. ஒன்று இழுக்கிறது, இன்னொன்று நிற்கிறது. நடுவில் விரிசல் விடாமல் என்ன செய்யும்?

அந்த விரிசல் எங்கே வரும் என்றும் சொல்லிவிடலாம். மாடியில் கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையில் ஒன்று. மேல்மாடி அறைக்குள், தளத்துக்குச் சற்றுக் கீழே சுவர் நெடுகப் படுக்கையாக ஓடும் கோடு இன்னொன்று. படுக்கைக் கோட்டைப் பார்த்துவிட்டு வீடு உட்கார்கிறதோ என்று பயந்துபோய் இன்ஜினியரைக் கூப்பிடுபவர்கள் உண்டு. மேல்மாடியில் மட்டும், தளத்தை ஒட்டி மட்டும் இருந்தால் பெரும்பாலும் இந்த வெயில் விரிசல்தான். சாய்வாகப் போகும் விரிசல், ஜன்னல் மூலையிலிருந்து கிளம்பி மாதத்துக்கு மாதம் அகலமாகிற விரிசல் என்றால் கட்டாயம் ஆளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள், அது வேறு கதை.

பழைய காலத்து மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் உத்தரத்தின் மேல் செங்கல்லை அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் தெளித்து நாள் கணக்கில் கட்டையால் அடிப்பார்கள். வேலூரில் கொசப்பேட்டை, சைதாப்பேட்டைப் பக்கம் இன்னும் சில வீடுகள் இருக்கின்றன. சுண்ணாம்புக்குக் கொஞ்சம் வளைந்து கொடுக்கும் குணம் உண்டு. மயிரிழை விரிசல் விழுந்தால் மழைத் தண்ணீரில் சுண்ணாம்பு கரைந்து மறுபடி இறுகி, அதைத் தானே ஓரளவு அடைத்துக்கொள்ளும். சிமெண்டுக்கு அந்தக் குணம் குறைவு. அதனால் மாடி விரிசலைச் சிமெண்ட் பால் ஊற்றி அடைப்பது ஒரு வருடத்துக்குத்தான் வரும். அடுத்த சித்திரையில் அதே இடத்தில் மறுபடி விடும். விரிந்தால் கூட விரிந்து, சுருங்கினால் கூடச் சுருங்குகிற ரப்பர் மாதிரியான கிராக் ஃபில்லர் ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கிறது, அதுதான் சரி. விரிசலை 'V' வடிவத்தில் லேசாகக் கொத்தி அகலப்படுத்தி, பிரஷ்ஷால் தூசியைத் துடைத்துவிட்டு நிரப்ப வேண்டும். விடியற்காலையில் செய்யுங்கள். தளம் சுருங்கி, விரிசல் நன்றாகத் திறந்திருக்கும் நேரம் அது. மத்தியான வெயிலில் மூடிக்கிடக்கும் விரிசலுக்குள் ஒன்றும் போகாது.

அடுத்தது வாட்டம். மாடியில் தண்ணீர் பைப்பை நோக்கிச் சரிய வேண்டும். பத்தடிக்கு ஒரு அங்குலத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும், ஒன்றரை இருந்தால் நிம்மதி. வாட்டம் சரியா என்று பார்க்க மட்டப் பலகை வேண்டாம். நல்ல மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலை மாடிக்கு ஒரு சாக்பீஸோடு போங்கள். தண்ணீர் இன்னும் தேங்கி நிற்கும் இடத்தைச் சுற்றி வட்டம் போடுங்கள். கீழே இறங்கிவந்து அறைக்குள் ஈரம் தெரியும் இடத்தையும் பாருங்கள். இரண்டும் நேருக்கு நேர் வருகிறதா என்று பார்ப்பது நல்ல ஆரம்பம். ஆனால் நேராக வராவிட்டால் ஏமாந்துவிடாதீர்கள். தண்ணீர் தளத்துக்கும் அதன்மேல் பதித்த தட்டோட்டுக்கும் நடுவில் சரிந்து ஓடி, நுழைந்த இடத்திலிருந்து எட்டு, பத்து அடி தள்ளிக்கூட வெளியே வரும். ஃபேன் மாட்டும் கொக்கி, லைட் பைப் இருக்கும் இடத்தில் சொட்டுகிறது என்றால் அது வெளியேறும் வாசல்தான், நுழைந்த வாசல் வேறு எங்கோ.

மாடியில் ஒவ்வொரு ஆடியிலும் நான் தவறாமல் பார்ப்பது மழைத் தண்ணீர் பைப்பின் வாய். வேப்பிலையும் சருகும் அடைத்தால் மாடியே குளம். இன்னொன்று, கைப்பிடிச் சுவரில் முளைக்கிற அரசங்கன்று. இரண்டு இலை விட்டதுமே வேரோடு பிடுங்கிவிடுங்கள். கோயில் மரமாயிற்றே என்று மனசு வராதவர்கள் அதைப் பக்குவமாக எடுத்து ஏரிக்கரையில் நட்டுவிடலாம். மேலே மட்டும் ஒடித்துவிட்டால் வேர் உள்ளே பருத்துச் சுவரையே பிளந்துவிடும்.

மாடிக்கு வெள்ளை அடிப்பது பற்றி ஒரு வார்த்தை. மின்சாரச் செலவு குறையும், அறை குளிரும் என்று எல்லோரும் சொல்கிறார்கள், அது உண்மை. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, வெள்ளைத் தளம் வெயிலைத் திருப்பி அனுப்பிவிடுவதால் தளம் அவ்வளவாகச் சூடேறாது, அவ்வளவாக விரியாது, விரிசலும் குறையும். சுண்ணாம்பு அடித்தால்கூடப் போதும், வருடா வருடம் அடிக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். விலை கூடிய வாட்டர் ப்ரூஃப் பெயிண்ட் அடிப்பவர்கள் மாடி நன்றாகக் காய்ந்திருக்கும் மாசி, பங்குனியில், வெயில் தாழ்ந்த பிறகு அடியுங்கள். ஐப்பசியில் ஒழுக ஆரம்பித்த பிறகு ஓடிப்போய் ஈரத் தளத்தில் அடிப்பது பொங்கல் பெயிண்ட் மாதிரிதான் முடியும்.

ஒழுகும் மாடியை விட்டுவைத்தால் என்ன ஆகும் என்பதையும் சொல்ல வேண்டும். தளத்துக்குள் கம்பி இருக்கிறது. அதற்குக் கீழே 20 மில்லிமீட்டராவது கான்கிரீட் மூடியிருக்க வேண்டும். தண்ணீரும் காற்றும் கம்பியைத் தொட்டுவிட்டால் துரு. இரும்பைவிடத் துரு அதிக இடம் பிடிக்கும், அதுவும் பல மடங்கு. உள்ளே பருத்த துரு, கீழே இருக்கும் கான்கிரீட்டைத் தள்ளிவிடும். தூங்கும்போது சீலிங்கிலிருந்து பொத்தென்று காரை விழுவது அப்படித்தான். சீலிங்கில் கம்பி ஓடுகிற திசையில் பழுப்புக் கோடு தெரிந்தாலோ, தட்டினால் டொம்மென்று சத்தம் வந்தாலோ அந்த இடத்துக்குக் கீழே கட்டிலைப் போடாதீர்கள். பூசி மறைக்கவும் வேண்டாம். உதிர்ந்ததைக் கொத்தி, துருவைத் தேய்த்து எடுத்து, கம்பிக்கு மருந்தடித்துப் பூசும் வேலை தெரிந்த ஆளிடம் கொடுங்கள்.

குளியலறையும் பைப்பும்

குளியலறை ஓதத்துக்கு அடையாளம், மழைக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது. வருடம் முழுக்க ஒரே மாதிரி ஈரமாக இருக்கும். தரைத் தண்ணீர் வெளியே போகும் நானி ட்ராப்பைத் துணி வைத்து அடைத்து, தரையில் ஒரு அங்குலத் தண்ணீர் நிறுத்தி, ஒரு நாள் விட்டுக் கீழ்வீட்டு சீலிங்கைப் பாருங்கள். ஈரம் கூடினால் பெரும்பாலும் தரை டைல்ஸ் இடுக்கை அடைக்கும் பூச்சு, அதாவது கிரௌட், போயிருக்கும். முதலில் கிரௌட்டை மாற்றுங்கள். டைல்ஸை உடைப்பதெல்லாம் அதற்கப்புறம் பேசிக்கொள்ளலாம்.

பைப் கசிவுக்கு இன்னும் எளிய சோதனை இருக்கிறது. ராத்திரி எல்லாக் குழாயையும் மூடிவிட்டு, மேல்தொட்டியில் தண்ணீர் நிற்கும் மட்டத்தில் உள்பக்கமாக ஒரு அடையாளம் வையுங்கள். காலையில் மோட்டார் போடுவதற்கு முன் பாருங்கள். இறங்கியிருந்தால் எங்கோ போகிறது. அப்புறம் ஒவ்வொரு லைனாக வால்வை மூடிப் பார்த்தால் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். ஃப்ளஷ் டேங்க் உள்ளுக்குள்ளேயே ஒழுகினாலும் மட்டம் இறங்கும், அதை முதலில் பார்த்துவிடுங்கள். ஏ.சி. தண்ணீர் பைப் பாதியில் தொங்கிச் சுவரில் சொட்டிக்கொண்டிருக்கும் வீடுகளும் நிறைய. ஒரு முழம் பைப் வாங்கி நீட்டிவிட்டால் அந்த ஓதம் தீர்ந்தது.

மண்ணிலிருந்து ஏறும்போது

கடினமானது இதுதான். வீடு கட்டும்போது அஸ்திவாரச் சுவரும் மேல்சுவரும் சேரும் இடத்தில், அதாவது பேஸ்மட்டத்தில், தண்ணீர் ஏறாத ஒரு அடுக்கு போட வேண்டும். டி.பி.சி. என்று மேஸ்திரிகள் சொல்வது அதைத்தான். திரியை நடுவில் வெட்டிவிடுவது மாதிரி. அது இல்லாத வீடும், இருந்தும் வேலை செய்யாத வீடும் ஓதம் வாங்கும். இருந்தும் ஏன் வேலை செய்யாது? தெருவைப் பாருங்கள். ரோடு மேல் ரோடு போட்டு, ஒரு காலத்தில் மூன்று படி ஏறிப்போன வீட்டுக்குள் இன்றைக்கு ஒரு படி இறங்கிப் போகிறோம். மண் மட்டம் டி.பி.சி.க்கு மேலே வந்துவிட்டால் தண்ணீர் பக்கவாட்டில் நுழைந்துவிடும். வீட்டைச் சுற்றி மண் கொட்டி ரோஜாத் தொட்டி அடுக்கி வைத்தாலும் இதேதான்.

2021 நவம்பர் மழையில் பாலாற்றில் வெள்ளம் போனதும் ஏரிகள் நிரம்பியதும் நினைவிருக்கும். அதற்கப்புறம் எங்கள் தெருவில் இருபது வருடமாக ஓதமே தெரியாத இரண்டு வீடுகளில் சுவர் பூத்தது. கிணற்றில் கை எட்டும் தூரத்தில் தண்ணீர் நின்றது, அஸ்திவாரம் ஊறிக் கிடந்தது. அதில் ஒரு வீட்டு அக்கா உடனே இடுப்புயரத்துக்கு டைல்ஸ் ஒட்டிவிட்டார். ஈரம் உலர்வதற்கு இருந்த வழியை டைல்ஸ் அடைத்துக்கொண்டது. அடுத்த வருடம் டைல்ஸுக்கு மேலே, ஐந்தடி உயரத்தில் பெயிண்ட் உரிந்தது. முன்பே சொன்னேனே, ஏறுவதும் உலர்வதும் சமமாகும் இடத்தில் ஓதம் நிற்கும் என்று. உலர விடாவிட்டால் நிற்கும் இடம் மேலே போகும். இன்னொரு வீட்டில் ஒன்றும் செய்யாமல் விட்டார்கள். கிணற்று மட்டம் இறங்கியதும் அடுத்த கோடையில் முக்கால்வாசி காய்ந்துவிட்டது. சும்மா இருந்ததே அங்கே சரியான வைத்தியமாகிவிட்டது.

நிரந்தரமாக ஏறிக்கொண்டிருக்கும் சுவருக்கு என்ன செய்யலாம்? முதலில் வெளியே. சுவரை ஒட்டிய மண்ணை எடுத்து மட்டத்தை இறக்குங்கள். சுற்றிலும் இரண்டு, மூன்று அடி அகலத்துக்குச் சிமெண்ட் தளம் போட்டு, சுவரிலிருந்து வெளிப்பக்கமாக வாட்டம் கொடுங்கள். மாடித் தண்ணீர் பைப் சுவரோரத்திலேயே கொட்டினால் நீட்டித் தள்ளி விடுங்கள். எத்தனையோ வீடுகளில் இதுவே போதும், உள்ளே கை வைக்க வேண்டியிருக்காது. இதையெல்லாம் செய்தும் நிற்கவில்லை என்றால், தரையை ஒட்டிச் சுவரில் ஒரு சாண் இடைவெளிகூட இல்லாமல் வரிசையாகத் துளை போட்டு மருந்து செலுத்தும் முறை இருக்கிறது. அந்த மருந்து செங்கல்லின் துளைகளுக்குள் போய்த் தண்ணீரை ஒட்டவிடாமல் செய்யும், திரியை நடுவில் வெட்டும் அதே தந்திரம். செலவு கூடுதல், செய்பவரின் கைத்திறமையைப் பொறுத்தது. ஏற்கெனவே அவர் செய்து ஒரு மழைக்காலமாவது தாண்டிய வீட்டைப் போய்ப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

உள்பக்கம் உப்பேறிய பூச்சை, ஈரம் தெரியும் உயரத்துக்கு மேல் ஒரு அடி வரைக்கும் செங்கல் தெரியக் கொத்தி எடுத்துவிட வேண்டும். கொத்திய காரையை அங்கேயே சுவரோரம் குவிக்காதீர்கள், அதில் இருப்பது அத்தனையும் உப்பு. அப்புறம் காய விடுங்கள். இங்கேதான் எல்லோருக்கும் பொறுமை போகிறது. ஒரு அங்குலச் சுவர் காய ஏறக்குறைய ஒரு மாதம் என்று வைத்துக்கொள்ளலாம். 9 அங்குலச் சுவர் என்றால் கணக்கு நீங்களே போடுங்கள். நம் ஊர் கோடை கொஞ்சம் சீக்கிரமாகக் காய வைக்கும், இந்த ஒரு விஷயத்தில் வேலூர் வெயில் நமக்குத் துணை.

காய்ந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள, கையகலப் பிளாஸ்டிக் காகிதம் ஒன்றை நான்கு ஓரமும் டேப் ஒட்டிச் சுவரில் இரண்டு நாள் விடுங்கள். சுவரைப் பார்த்த பக்கம் முத்து முத்தாக ஈரம் கோத்திருந்தால் இன்னும் காயவில்லை. வெளிப்பக்கம் மட்டும் ஈரம் என்றால் அது காற்றின் ஈரம், ஏ.சி. ஓடும் அறைக்கு அடுத்த அறைச் சுவரில் அப்படி வரும்.

ஓதம் இருக்கும் சுவரில் ஸ்விட்ச் போர்டு இருந்தால் மேலே சொன்ன எதற்கும் முன்னால் அதைப் பாருங்கள். ஈரச் சுவரில் கரண்ட் கசியும். மெயின் போர்டில், கரண்ட் கசிந்தால் தானாக நிறுத்திவிடும் 30 மில்லியாம்ப் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா, அதன் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் கரண்ட் நிற்கிறதா என்று எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுச் சரிபார்த்துவிடுங்கள். சுவரைத் தொட்டால் சுர்ரென்கிறது என்று குழந்தைகள் சொன்னால் விளையாட்டு என்று விட்டுவிடாதீர்கள்.

எங்கள் வீட்டில் பைப்பை மாற்றியது ஒரு மத்தியான வேலை. சுவரைக் கொத்திவிட்டு, செங்கல் தெரிய பங்குனியிலிருந்து ஆடி வரை அப்படியே விட்டோம். வந்த சொந்தக்காரர்கள் எல்லாம் "இன்னாப்பா, வீட்டை இடிக்கிறீங்களா?" என்று கேட்டார்கள். அம்மா அந்த இடத்தில் ஒரு பழைய சேலையைத் திரை மாதிரி தொங்கவிட்டு வைத்தாள். ஆவணியில் மேஸ்திரி வந்து, மறுபடி உள்ளங்கையைச் சுவரில் வைத்துப் பார்த்துவிட்டு, "இப்போ பூசலாம் சார்" என்றார்.